ஏஐ தரும் பாடக்குறிப்பு சரியில்லையா? கோளாறைப் பார்த்து பிராம்ப்ட்டைத் திருத்தும் வழி

‘ஏழாம் வகுப்பு அறிவியல், அடர்த்தி, பாடக்குறிப்பு தா’ என்று ஏஐக்கு ஒரு வரி பிராம்ப்ட் (அதற்கு நாம் தரும் கட்டளை) தட்டிவிட்டு, வந்ததை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் நமக்கு ஒத்துவராது சார்’ என்று போனைப் பையில் போடுகிற ஆசிரியர்கள் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் நிறையப் பேர். ஒத்துவராதது உண்மைதான். ஆனால் ஏன் ஒத்துவரவில்லை என்பதை அந்தப் பதிலே காட்டிக்கொடுத்துவிடும், கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால்.

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட் எதுவானாலும் நிலைமை ஒன்றுதான். உங்கள் வகுப்பு எப்படி இருக்கும், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அலமாரியில் என்ன பொருள் இருக்கிறது, புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். இன்னொரு பக்கம், ஆண்டு, எண், பெயர், குறள் போன்றவற்றை நாம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும், அதனிடமிருந்து கேட்டு வாங்கக் கூடாது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டிருப்போம், இல்லையென்றால் கேட்கக் கூடாததைக் கேட்டிருப்போம். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

எந்த ஊர்ப் பள்ளிக்கும் பொருந்துகிற மாதிரி வருகிறது

அடையாளம்: ‘புரொஜெக்டரில் காணொளி காட்டவும்’, ‘ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பீக்கர், ஒரு அளவு குடுவை’, ‘ஆப்பிளையும் திராட்சையையும் நீரில் இடவும்’. நம் பள்ளியில் பீக்கர் இருப்பதே இரண்டு, அதில் ஒன்று விரிசல்.

காரணம்: நீங்கள் எதுவும் சொல்லாததால் அது எல்லா வசதியும் உள்ள, எங்கேயும் இல்லாத ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்கிறது. ‘எளிய பொருட்களைப் பயன்படுத்து’ என்று சேர்த்தாலும் பெரிய மாற்றம் வராது. எது எளிது என்பதை அதுவே முடிவு செய்துவிடும். இருப்பதைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கிடையாது என்று கதவைச் சாத்திவிட வேண்டும். இப்படி:

‘கடலோர ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 26 பிள்ளைகள். பாடம் அடர்த்தி. கையில் இருப்பவை: ஒரே அளவுள்ள இரண்டு பக்கெட், கல் உப்பு ஒரு கிலோ, மூன்று முட்டை, காலி தண்ணீர் பாட்டில்கள், கரும்பலகை. மீன் நிறுக்கும் முள் தராசு ஒன்று இரவல் கிடைக்கும். இவற்றைத் தவிர வேறு பொருள் கேட்காதே. கடலில் மிதப்பது குளத்தில் மிதப்பதைவிட எளிது என்று பிள்ளைகளுக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்று கேட்டால் “உப்பு தூக்கும்” என்பார்கள், அதற்கு மேல் போக மாட்டார்கள். அந்தப் பதிலிலிருந்து பாடத்தைத் தொடங்கு.’

இதில் பெரிய வேலையைச் செய்வது கடைசி மூன்று வரி. பொருள் பட்டியல் இல்லாவிட்டால் செய்ய முடியாத பாடம் வரும். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தது எது, தடுக்கி நிற்பது எங்கே என்பது இல்லாவிட்டால், செய்ய முடிந்தாலும் சப்பென்ற பாடம்தான் வரும்.

தராசு எந்த வகை என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் 1000 கிராம் என்றால் கடல் தண்ணீர் சுமார் 1025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசம் முள் தராசில் கண்ணுக்கே தெரியாது. ‘ஒரு லிட்டர் எடுத்து நிறுக்கவும்’ என்று ஏஐ அழகாக எழுதிக் கொடுக்கும், நீங்களும் வகுப்பில் நிறுத்துக் காட்டுவீர்கள், இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும், ‘டீச்சர், ரெண்டும் ஒன்னுதானே’ என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். தராசைச் சொன்ன பிறகு, ‘வித்தியாசம் இந்தத் தராசில் தெரிய எத்தனை லிட்டர் வேண்டும்?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பத்து லிட்டர் என்றால் கால் கிலோ, முள் நகர்வது பின்வரிசைக்கும் தெரியும். இரண்டு பக்கெட்டிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டு, அந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும். வெறும் பக்கெட்டின் எடையைக் கழிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டிய பிறகு கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும், அப்போது எடுத்தால் வித்தியாசமும் குறையும். இதைப் பாடத்திலேயே ஒரு கேள்வியாக வைத்துவிடலாம்.

ஊர்ப் பெயரைச் சொன்னால் சுற்றுலா விளம்பரம் வருகிறது

‘இராமநாதபுரம் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி எழுது’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லாப் பாடத்திலும் பாம்பன் பாலம் வரும், கலாம் வருவார், இராமேசுவரம் கோயில் வரும். பின்னம் நடத்தக் கேட்டால் ‘கோயிலில் உள்ள 22 தீர்த்தங்களில் 11-ல் நீராடினால் எத்தனை பங்கு?’ என்று கணக்கு வரும். பிழையில்லாத கணக்குதான், ஆனால் இங்கே உள்ள பிள்ளை தினமும் தீர்த்தத்தில் குளித்துவிட்டா பள்ளிக்கு வருகிறது?

ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால், அந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதி வைத்ததுதான் திரும்பி வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு, வேலையையும் பொருளையும் காலத்தையும் கொடுங்கள். ஐஸ் பெட்டியில் ஐஸுக்கும் மீனுக்கும் உள்ள அளவு, வல்லம் என்ற நாட்டுப்படகுக்கு ஊற்றும் டீசல், கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள் காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்குகிறார்கள், நெத்திலி காய்ந்தால் எடை எவ்வளவு குறைகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது வீட்டில் என்ன வேலை நடக்கிறது. இதில் இரண்டைக் கொடுத்தாலே கணக்கும் அறிவியலும் தானாக மாறிவிடும்.

எல்லாரும் மீனவப் பிள்ளைகள் என்று நீங்களும் எழுதிவிடாதீர்கள். சாயல்குடி பக்கம் பனையும் கருப்பட்டியும், உள்ளே தள்ளிப் போனால் குண்டு மிளகாய்க் காடும் கண்மாய்ப் பாசனமும், சில ஊர்களில் உப்பளம், கீழக்கரை மாதிரி ஊரில் பல வீடுகளில் அப்பா வெளிநாட்டில். உங்கள் வகுப்பில் எது எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தடை வரியும் ஒன்று அவசியம்: ‘பாடப்பொருளோடு நேரடித் தொடர்பு இல்லாமல் பாலம், கோயில், தலைவர்கள் பெயரைச் சேர்க்காதே. கடல் விபத்து, கைது, புயல் சாவு ஆகியவற்றை வைத்துக் கணக்கு போடாதே.’ இரண்டாவது வாக்கியம் ஏன் என்று இந்தக் கரையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘ஐந்து படகுகள் சென்றன, மூன்று திரும்பின, மீதி எத்தனை?’ என்ற கழித்தல் கணக்கை, இலங்கைச் சிறையில் அப்பா இருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுத முடியாது. ஏஐ அதை யோசிக்காது, எங்கேயோ படித்த மாதிரியில் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடும்.

புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, அது வேறு ஒன்று எழுதுகிறது

அடையாளம்: நம் புத்தகத்தில் இல்லாத சூத்திரம் வருகிறது, பத்தாம் வகுப்பில் வருவதை ஏழாம் வகுப்பில் நுழைக்கிறது, ‘திசைவேகம்’ என்று நாம் நடத்துவதை ஒரு இடத்தில் ‘வேகம்’ என்றும் இன்னொரு இடத்தில் ‘விரைவு’ என்றும் எழுதுகிறது. பிள்ளை மூன்றும் ஒன்று என்று நினைத்துவிடும்.

‘தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டப்படி’ என்று எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை, பொதுவாகத் தெரிந்ததை வைத்து அடித்துவிடுகிறது. பக்கத்தை நீங்களே கொடுக்க வேண்டும். பாடநூல் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்து உடைந்து வரும். அதற்குப் போனில் படம் எடுத்து அனுப்புவது மேல். வெளிச்சத்தில், பக்கத்தை விரித்து நேராக வைத்து, ஒரு படத்துக்கு ஒரு பக்கம்.

படம் அனுப்பியவுடன் பாடக்குறிப்பு கேட்காதீர்கள். முதலில் இதைக் கேளுங்கள்: ‘இந்தப் பக்கத்தில் உள்ளதை ஒரு எழுத்தும் மாற்றாமல் தட்டச்சு செய்து காட்டு. படிக்க முடியாத இடத்தில் “தெரியவில்லை” என்று எழுது, ஊகிக்காதே.’ வந்ததைப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். அடுக்குக்குறி, அலகு, பெட்டிக்குள் இருக்கும் சூத்திரம், இந்த மூன்று இடத்தில்தான் பெரும்பாலும் தப்பு வரும். கனசென்டிமீட்டரில் அந்த 3 மேலே நிற்காமல் கீழே இறங்கியிருக்கும். இதைத் திருத்திவிட்டு, ‘இனி எழுதுவதெல்லாம் இந்தப் பக்கத்துக்குள் இருக்கட்டும், கலைச்சொற்கள் இவைதான்: நிறை, பருமன், அடர்த்தி. வேறு சொல் போடாதே’ என்று கட்டிப்போட வேண்டும். கலைச்சொல்லைத் தனியாகப் பட்டியலிடுவது சின்ன வேலைதான், ஆனால் அதைச் செய்தால் இந்தக் கோளாறில் பாதி போய்விடும்.

நாற்பது நிமிடத்தில் முடியாத பாடம்

அது எழுதும் திட்டத்தில் எல்லாம் ஐந்தைந்து நிமிடமாக அழகாகக் கூட்டி நாற்பது வரும். அதில் வருகைப் பதிவு இருக்காது, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வருவது இருக்காது, குழு பிரிக்கும்போது வரும் சண்டையும் இருக்காது. அதனால் நாற்பது நிமிடப் பாடவேளை என்று சொல்லாமல், உண்மையில் கையில் கிடைப்பதைச் சொல்லுங்கள், முப்பதோ இருபத்தெட்டோ. கூடவே, ‘நேரம் குறைந்தால் முதலில் எதை விடலாம், எதை விடவே கூடாது என்று குறி’ என்று கேளுங்கள். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், படிக்கும் வேலையைக் குறைத்து செய்யும் வேலையைக் கூட்டித் தரும்.

பாடக்குறிப்பேட்டுத் தலைப்புகளும் இதே இடத்தில் போகட்டும். அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று உங்கள் பள்ளியில் எந்த வரிசை கேட்கிறார்களோ அதே வரிசையில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது தனக்குப் பிடித்த தலைப்புகளை வைத்துக்கொண்டு வரும், நீங்கள் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

தமிழ் தமிழாக இல்லை

‘அன்பான மாணவர்களே, இன்று நாம் அடர்த்தி என்னும் அற்புத உலகத்திற்குள் ஒரு உற்சாகமான பயணத்தை மேற்கொள்ளவிருக்கிறோம்!’ இப்படி ஒரு ஆசிரியர் வகுப்பில் பேசினால் பிள்ளைகள் சிரித்து உருளுவார்கள்.

‘எளிய தமிழில் எழுது’ என்பது இதற்கு மருந்தாகாது. சொல் எளிதாகும், நடை அப்படியே இருக்கும். நன்றாக வேலை செய்வது மாதிரி கொடுப்பதுதான். நீங்கள் வகுப்பில் பேசுவதுபோல ஐந்தாறு வரி தட்டச்சு செய்யுங்கள், அல்லது குரல் தட்டச்சில் பேசியே விடுங்கள்: ‘நேத்து கடல்ல குளிச்சவங்க கை தூக்குங்க. சரி, கண்மாயில குளிச்சிருக்கீங்களா? எதுல சீக்கிரம் களைச்சுப் போறீங்க?’ இதைக் கொடுத்து, ‘ஆசிரியர் பேசும் வரிகள் இந்த நடையில் இருக்கட்டும், குறிப்பேட்டில் எழுதும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும்’ என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். பிரிக்காவிட்டால் குறிப்பேட்டிலும் ‘குளிச்சவங்க’ வந்து நிற்கும், தலைமையாசிரியர் சிவப்பு மையை எடுப்பார்.

வேண்டாத சொல்லைப் பெயர் சொல்லியே தடுக்கலாம். அற்புதமான, பயணம், ஆராய்வோம், உற்சாகமாக, இந்த நான்கையும் தடுத்தாலே பாதி மூச்சு வந்துவிடும். ஆச்சரியக்குறியையும் சேர்த்துத் தடுங்கள்.

ஆண்டும் குறளும் தப்பாக வருகின்றன

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது, ஏனென்றால் பார்த்தால் தெரியாது. மற்ற கோளாறெல்லாம் படித்தவுடன் உறுத்தும், இது சரளமாக, நம்பிக்கையாக, சரி போலவே இருக்கும். ஏஐ எழுதும்போது அடுத்து வரக்கூடிய சொல் எது என்று பார்த்துக் கோத்துக்கொண்டு போகிறது, ஒவ்வொரு தகவலையும் ஏட்டைப் புரட்டிச் சரிபார்ப்பதில்லை. நிறையப் பேர் நிறைய எழுதிய விஷயத்தில் பெரும்பாலும் சரியாக வரும். நம் கரையைப் பற்றி எழுதியது குறைவு, அதிலும் ஒன்றுபோல இருக்கும் இரண்டு விஷயம் என்றால் கலந்துவிடும்.

எங்கே கலக்கும் என்று தெரிந்தால் பிடிப்பது எளிது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அமைந்தது, 21 தீவுகள் கொண்டது, தென்கடல் பக்கம். கடற்பசுப் பாதுகாப்பகம் 2022-ல் அறிவிக்கப்பட்டது, பாக் விரிகுடாப் பக்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம். இரண்டும் கடல், இரண்டும் பாதுகாப்பு, இரண்டிலும் கடற்பசு பேச்சு வரும் என்பதால் ஆண்டும் இடமும் மாறிப் போய் ஒட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. மண்டபத்துப் பிள்ளைக்கு வடகடல் எது, தென்கடல் எது, எந்த மாசத்தில் எது கொந்தளிக்கும் என்று தெரியும், ஏஐ தப்பாகச் சொன்னதை நீங்கள் கரும்பலகையில் எழுதினால் அந்தப் பிள்ளையே திருத்திவிடும்.

பாம்பன் ரயில் பாலமும் அப்படித்தான். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் மேலே எழுந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி முழுசாகச் செங்குத்தாக மேலே போகும். நெம்புகோல் பாடத்துக்கும் கப்பிப் பாடத்துக்கும் எடுத்துக்காட்டாகக் கேட்டால், பழையதின் இயக்கத்தைப் புதியதின் பெயரில் சொல்லலாம், அல்லது புதிய பாலம் இன்னும் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லலாம். ஏஐ மாடல்களுக்கு ஒரு தேதி வரைதான் படித்த தகவல் இருக்கும், இணையத்தில் தேடும் வசதி இல்லாமல் கேட்டால் அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22 இரவு என்பது வரை சரியாக வரும். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வரலாம். அதைப் பாடக்குறிப்பில் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: உண்மைத் தகவலை நீங்கள் ஒட்டுங்கள், அதை வைத்து என்ன செய்வது என்பதை அதனிடம் கேளுங்கள். பாடக்குறிப்பு வந்த பிறகு இன்னொரு பிராம்ப்ட்: ‘நீ எழுதியதில் உள்ள எல்லா ஆண்டு, எண், பெயர், இடம், மேற்கோள் ஆகியவற்றைத் தனியாகப் பட்டியலிடு. நான் கொடுத்தவை எவை, நீயாகச் சேர்த்தவை எவை என்று இரண்டாகப் பிரி.’ இந்தப் பிரிப்பிலும் அது தவறலாம். ஆனால் தேட வேண்டிய இடம் நான்கு பக்கத்திலிருந்து எட்டு வரிக்குக் குறைந்துவிடும். அதாகச் சேர்த்த ஒவ்வொன்றையும் புத்தகத்திலோ நம்பகமான தளத்திலோ பாருங்கள், கிடைக்காவிட்டால் அடித்துவிடுங்கள்.

குறளுக்குத் தனி வைத்தியம். ‘நட்பைப் பற்றி ஒரு குறள் தா’ என்றால் சில நேரம் இல்லாத குறளை இயற்றியே கொடுத்துவிடும், கீழே எண்ணும் போட்டுவிடும். முதலில் சீரை எண்ணுங்கள்: முதல் அடி நான்கு, இரண்டாம் அடி மூன்று. ஆறோ எட்டோ வந்தால் அங்கேயே முடிந்தது. அடுத்து எண்: குறள் எண்ணில் ஒன்றைக் கழித்து, பத்தால் வகுத்து, ஈவோடு ஒன்று கூட்டினால் அதிகாரம். 391 என்றால் 390, 39, 40, கல்வி அதிகாரம். 391 என்று போட்டுவிட்டு அதிகாரம் நட்பு என்றால் ஏதோ ஒன்று பொய். இரண்டும் சரியாக இருந்தாலும் நூலைப் பார்க்காமல் எழுதாதீர்கள், ஒரு சீரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கலாம். குறளை நீங்களே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு விளக்கத்துக்கான செயல்பாடு மட்டும் கேட்பது எவ்வளவோ மேல்.

கேள்விகள் எல்லாம் ‘வரையறு’, ‘கூறு’ ரகம்

‘பத்து கேள்வி தா’ என்றால் பத்தும் மனப்பாடக் கேள்விதான். எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அப்படித்தான் வரும். எந்த வகையில் எத்தனை என்று சொல்ல வேண்டும்: நேரடி விடை இரண்டு, புதுச் சூழலில் பயன்படுத்துவது இரண்டு, தவறான விடையைக் காட்டி ஏன் தவறு என்று கேட்பது ஒன்று. ஐந்து போதும்.

அந்தக் கடைசி வகைதான் ஏஐயிடமிருந்து வாங்க வேண்டிய உருப்படியான சரக்கு. ‘இந்தப் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு என்னென்ன, எந்த எண்ணத்தால் அப்படிச் செய்கிறார்கள்?’ என்று கேட்டுவிட்டு, அதில் உங்கள் வகுப்பில் நீங்கள் பார்த்ததைத் தேர்ந்தெடுத்துக் கேள்வியாக்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு வேகப் பாடம். ஒரு படகு 6 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போய், அதே வழியில் 4 நாட் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் எவ்வளவு? வகுப்பே 5 என்று கத்தும். சரியான விடை 4.8, மெதுவாக வந்த நேரம் அதிகம் என்பதால். 12 கடல் மைல் தூரம் என்று வைத்துப் போட்டால் பிள்ளைக்கே விளங்கிவிடும்: போக 2 மணி, வர 3 மணி, மொத்தம் 24 கடல் மைலை 5 மணியால் வகுக்க வேண்டும்.

விடைக்குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். கேள்வி அருமையாக இருக்கும், விடையில் 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் என்பதை ஒரு இடத்தில் 1.8 என்றும் இன்னொரு இடத்தில் 1.6 என்றும் எடுத்திருக்கும். ‘ஒவ்வொரு படியையும் அலகோடு எழுது’ என்று சேர்த்தால் தப்பு இருக்கும் இடம் வெளியே தெரியும். அப்புறம் நீங்களே ஒரு தரம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒரே வகுப்பில் மூன்று நிலை, திட்டம் ஒரு நிலைக்குத்தான்

‘மெல்லக் கற்போருக்கும் ஏற்றபடி’ என்று ஒரு வரி சேர்த்தால், கடைசியில் ‘மெல்லக் கற்போருக்குக் கூடுதல் உதவி வழங்கவும்’ என்று ஒரு வரி வரும். நீங்கள் ஒரு வரி எழுதினால் அதுவும் ஒரு வரிதான் எழுதும்.

தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வகுப்பு எடுத்தவர்களுக்கு, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பது கைவந்ததுதான், ஆனால் அந்தப் பெயரை மட்டும் போட்டால் ஏஐ அதற்குத் தானாக ஒரு பொருள் வைத்துக்கொள்ளும். பெயரோடு பிள்ளையால் என்ன முடியும் என்று எழுதுங்கள்: ‘முதல் நிலை: எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், ஒற்றெழுத்தில் தடுமாறுவார்கள். இரண்டாம் நிலை: சிறு வாக்கியம் படிப்பார்கள், பொருள் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நிலை: பத்தி படித்துப் பதில் எழுதுவார்கள்.’ அடுத்து, மூன்று தனித்தனி பாடம் கேட்காதீர்கள், ஒரே ஆசிரியர் மூன்று பாடத்தை ஒரே நேரத்தில் நடத்த முடியாது. செயல்பாடு ஒன்று, செய்ய வேண்டிய வேலை மட்டும் மூன்று. தண்ணீரில் உப்பைப் போட்டு முட்டையை மிதக்கவிடும் பரிசோதனையில் ஒருவர் உப்புப் பிடியை எண்ணிக் கோடு போடுவார், ஒருவர் பார்த்ததை இரண்டு வாக்கியம் எழுதுவார், ஒருவர் காரணம் எழுதுவார்.

நிலையை விவரிக்கும்போது பிள்ளையின் பெயர், எமிஸ் எண் (கல்வித் துறை தரும் மாணவர் அடையாள எண்), மதிப்பெண் பட்டியல் படம், வீட்டு விவரம் எதையும் போடாதீர்கள். ‘ஒரு பிள்ளை’ என்றாலே வேலை நடக்கும்.

ஆரம்பத்தில் நன்றாக இருந்தது, போகப் போகக் கெட்டுவிட்டது

ஒரே உரையாடலில் நான்கைந்து பாடத்தை ஓட்டினால், முதலில் சொன்ன பொருள் பட்டியல் மறந்து மறுபடி புரொஜெக்டர் எட்டிப்பார்க்கும். ஒரு உரையாடலில் மாடல் கவனத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு எல்லை உண்டு. பல மாடல்களில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைபடுவதால் அந்த எல்லையும், இலவசக் கணக்கின் அளவும் நமக்குச் சீக்கிரம் தீரும். பாடத்துக்கு ஒரு புது உரையாடல் தொடங்குங்கள். வகுப்பு, பொருள், நேரம், நடை, தடை எல்லாவற்றையும் ஒரு குறிப்பாக எழுதி வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் ஒட்டிவிட்டுப் பாடத்தை மட்டும் மாற்றினால் போதும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்பது கூடுதல் வசதி.

இன்னொன்று, நீங்கள் ‘இது தப்பு’ என்றால் பல நேரம் ‘மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி’ என்று மாற்றும். ‘இல்லை, முன்னாடி சொன்னதுதான் சரி’ என்றால் அதற்கும் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப மாற்றும். அதனால் ‘இது சரியா?’ என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. ‘நான் கொடுத்த பக்கத்தில் எந்த வரி இதைச் சொல்கிறது, அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டு’ என்று கேளுங்கள். வரி இருந்தால் காட்டும். காட்டுகிற வரி புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

குறிப்பு பிரமாதம், வகுப்பில் எடுபடவில்லை

இதற்குப் பழைய பிராம்ப்ட்டைத் திரும்ப அலசுவதில் பயனில்லை, வகுப்பில் நடந்தது அதில் இல்லையே. பாடம் முடிந்த அன்றே நடந்ததை மூன்று நான்கு வரியில் எழுதி அதே உரையாடலில் போடுங்கள்: ‘முட்டை மிதந்ததும் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள், எழுதும் பகுதி நடக்கவே இல்லை. பருமன் என்றால் எடை என்றே பாதிப் பேர் சொல்கிறார்கள். முதல் நிலைப் பிள்ளைகள் எண்ணும் வேலையை நன்றாகச் செய்தார்கள். நாளை 30 நிமிடம் இருக்கிறது, முட்டையும் உப்பும் இல்லை, பாட்டில்கள் மட்டும் உண்டு. பருமன், எடை குழப்பத்தை மட்டும் தீர்க்கும் பாடம் எழுது.’